மாறும் தொழிலும் மாறத் தயங்கும் மனமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கற்பித்த பாடசாலையொன்றில் மாணவரின் புள்ளிகளை இனிமேல் கணினியிலேயே பதிய வேண்டுமென்று ஓர் உத்தரவு வந்தது. அதுவரை யாவும் பெரிய பதிவேடுகளில் மையினால் எழுதப்பட்டு வந்தன. அங்கே மூத்த கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய பதிவேடு அச்சிட்டாற்போல் இருக்கும். அதிலே கூட்டற்பிழை ஒன்றைத்தானும் எவரும் கண்டதில்லை.

அவருக்குக் கணினியைப் பழக்கும் பொறுப்பு, வயதில் இளையவனாகிய என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு பிற்பகல்கள் அவரருகே அமர்ந்து, அழுத்த வேண்டிய விசைகளை விரைவாகச் சொல்லிக்கொண்டே போனேன். "இது மிகவும் இலகுவான காரியம், ஐயா" என்று பன்முறை கூறியதும் நினைவிருக்கின்றது. மூன்றாம் நாள் அவர் வரவில்லை. ஆண்டு முடிவில், ஓய்வு பெறுதற்குக் காலம் இருக்கவும், சேவையினின்றும் விலகிக்கொண்டார். பிரியாவிடையன்று என் தோளைத் தட்டி, "முப்பது வருஷம் பிழை விடாத கைக்கு நீர் ஏடு தொடக்கப் பார்த்தீர், தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் அச்சொல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

அவர் மாற்றத்தை வெறுத்த பழைமைவாதி என்று அன்று நான் எண்ணினேன். அவ்வெண்ணம் தவறென்பதை, அமெரிக்க ஆலையொன்றில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

ஆலையில் எழுந்த ஐயம்

வேர்ஜினியா மாநிலத்தில் மேரியன் என்னும் சிற்றூரிலே ஹாவுட் என்ற பெயருடைய ஆலை ஒன்று இருந்தது. பிஜாமா என்னும் இரவு உடைகளைத் தைத்து விற்பது அதன் தொழில். ஏறக்குறைய 500 பெண்களும் 100 ஆண்களும் அங்கே வேலை செய்தனர். அவர்களுடைய சராசரி வயது 23. வேலையின் அளவுக்கேற்பவே கூலி கிடைக்கும். மணித்தியாலத்துக்கு 60 அலகு வேலை முடிப்பவர் திறமையான தொழிலாளியென மதிக்கப்பட்டார்.

சந்தையின் தேவைக்கேற்ப வேலைமுறைகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. அவ்வாறு மாற்றப்பட்டவர்களுள் நூற்றுக்கு 38 பேரே மீண்டும் 60 அலகை எட்டினர். ஏனையோர் பின்தங்கியே நின்றனர், அல்லது வேலையை விட்டு நீங்கினர். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. முன்னனுபவம் சிறிதுமின்றிப் புதிதாய்ச் சேர்ந்தவர் தொழிலைக் கற்க எடுத்த காலத்தினும், அனுபவசாலி மாற்றத்தின் பின் மீண்டெழ எடுத்த காலம் நீண்டதாயிருந்தது.

கையிலே திறமை உள்ளவர் ஏன் தடுமாற வேண்டும்? குறை கையிலில்லை, மனத்திலே உள்ளது என்ற முடிவுக்கு வந்தனர் லெஸ்டர் கோச், ஜோன் பிரெஞ்ச் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர். நேற்றுவரை முதல்வரிசையில் நின்றவர் இன்று கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறார். அந்த வீழ்ச்சியே அவரைச் சோர்வடையச் செய்கின்றது.

மூன்று வழிகள்

இதனைச் சோதிக்கும் பொருட்டு அவர்கள் மூன்று வழிகளைக் கையாண்டனர்.

முதற் குழுவினர் உடைகளுக்கு அழுத்தம் போடும் 18 பேர். அவர்கள் முடித்த உடைகளை இதுவரை ஓர் அட்டையின்மேல் அடுக்கி வந்தனர். இனிப் பெட்டியொன்றில் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவே. அவர்களை அழைத்து, போட்டி காரணமாக இம்மாற்றம் அவசியமென்று விளக்கி, புதிய கூலிவிகிதத்தை அறிவித்து, கேள்விகளுக்கு விடையளித்து அனுப்பிவிட்டனர். உலகில் பெரும்பாலான கந்தோர்களில் நடப்பதும் இதுவே.

இரண்டாம் குழுவினர் உடை மடிக்கும் 13 பேர். இவர்களிடம் ஒரேமாதிரியான இரண்டு உடைகளைக் காட்டினர். ஒன்று 1946ஆம் ஆண்டிலும் மற்றையது 1947ஆம் ஆண்டிலும் விற்கப்பட்டவை. முன்னையதன் விலை பின்னையதைப்போல் இரு மடங்கு. மலிவானது எதுவெனக் கேட்டபோது எவராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டியதன் காரணத்தை அவர்கள் கண்ணாலேயே கண்டுகொண்டனர். பின்னர் தம்முள் சிலரைப் பிரதிநிதிகளாய்த் தெரிந்து, புதிய முறையை அவர்கள் மூலம் வகுத்தனர்.

மூன்றாவதாக, உடைகளைப் பரிசோதிக்கும் 15 பேர், எட்டும் ஏழுமாய் இரு குழுக்களாக அமைந்தனர். இங்கே பிரதிநிதிகள் இல்லை. எல்லாரும் கூடியிருந்து புதிய வேலைமுறையைத் தாமே ஆராய்ந்தனர். அவர்கள் கூறிய யோசனைகள் குவிந்தமையால் குறிப்பெடுப்பவர் எழுதித் தீர்க்க இயலாமல் திண்டாடினாராம். இரண்டாம் குழுவின் பிரதிநிதிகளோ "நமது வேலை", "நமது விகிதம்" என்று பேசத் தொடங்கியிருந்தனர்.

விளைவு யாது? முதற் குழுவில் முன்னேற்றம் இல்லை. கூலிவிகிதம் அநியாயமென்று முறைப்பாடுகள் எழுந்தன. கணக்கிட்டுப் பார்த்தபோதோ அவ்விகிதம் சிறிது தாராளமாகவே இருந்தது! நாற்பது நாட்களுள் நூற்றுக்கு 17 பேர் வேலையைத் துறந்தனர். இரண்டாம் குழுவினர் 14 நாட்களில் 61 அலகை எட்டினர். மூன்றாம் வகைக் குழுக்களோ இரண்டாம் நாளிலேயே பழைய நிலையை அடைந்து, பின்னர் அதனினும் நூற்றுக்கு 14 பங்கு மேலே சென்றன. அவர்களுள் ஒருவரேனும் விலகவில்லை.

முதற் குழுவினர் இயல்பிலேயே பிடிவாதக்காரர் என்று யாரும் வாதிடலாம். அதற்கும் விடை கிடைத்தது. இரண்டரை மாதங்களின் பின் அக்குழுவில் எஞ்சிய 13 பேரையும் மீண்டும் ஒன்றுசேர்த்து, வேறொரு வேலைக்கு மாற்றும்போது, எல்லாரையும் கலந்தாலோசித்தனர். அதே மனிதர் இம்முறை விரைவில் தேறினர். மனிதர் மாறவில்லை, அவர்களை நடத்திய முறையே மாறியது. இம்முடிவுகள் 1948ஆம் ஆண்டில் வெளியாயின.

இல்லத்திலும் இதுவே

இவ்வாராய்ச்சிக்கு ஊக்கமளித்தவர் கேர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர். யூதராகிய இவர் 1933ஆம் ஆண்டில் ஜேர்மனியை விட்டு அமெரிக்கா சென்றவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறைச்சித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வழக்கத்தில் விரும்பப்படாத இதயம், சிறுநீரகம் முதலியவற்றை இல்லத்தரசிகள் சமைக்கும்படி செய்வது எவ்வாறு என அவர் ஆராய்ந்தார். மரக்கறியுணவு கொள்ளும் இல்லங்களுக்குப் பொருள் ஒவ்வாததாயினும் பாடம் ஒவ்வும். சில குழுக்களுக்குச் சிறந்த சொற்பொழிவு நிகழ்த்தப்பட்டது. வேறு சில குழுக்கள் தாமே கலந்துரையாடி முடிவெடுத்தன. சொற்பொழிவு கேட்டவர்களுள் நூற்றுக்கு 3 பேரே அவ்வுணவைச் சமைத்தனர். கலந்துரையாடியவர்களுள் 32 பேர் சமைத்தனர். நாள்தோறும் சொற்பொழிவாற்றியே காலங்கழிக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கு இது கசப்பான மருந்துதான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நோர்வே நாட்டுப் பாதணி ஆலையொன்றில் இதே முறையைச் சோதித்து 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்துணைப் பெரும் பயன் காணப்படவில்லை. அங்கே தொழிலாளர்க்கு அளிக்கப்பட்ட பங்கு சிறிது. முடிவை முன்னரே எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதாகப் பாவனை செய்வது பயன் தராது. அது உள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

நாம் செய்யத்தக்கவை

தலைமை தாங்குவோர் முதலில் மாற்றத்தின் காரணத்தைக் கண்ணாற் காட்டுதல் வேண்டும். நாட்டாண்மையாக உத்தரவிடுதல் போதாது. வேலை செய்பவர்க்கே வேலையின் நுணுக்கம் தெரியும். ஆதலின் அவரிடம் கேட்டல் வேண்டும். பழகும் காலத்தில் ஏற்படும் தாமதத்துக்குத் தண்டனையோ ஏளனமோ கூடாது. மூத்தவரின் பழைய திறமை புதிய முறையிலும் பயன்படும் இடத்தைத் தேடிக் கொடுத்தல் வேண்டும்.

ஊழியருக்கும் ஒரு கடமை உண்டு. விளங்காததை விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது இழிவன்று. மௌனமாய் ஒதுங்குவதால் இழப்பு அவர்க்கே.

இளைஞர்காள்! நாளை நீங்கள் ஒரு கந்தோரில் மூத்தவரொருவருக்குப் புதிய கருவியைப் பழக்க நேரிடலாம். அப்போது "இது இலகு" என்று சொல்லாதீர்கள். இலகுவானது தமக்கு வரவில்லையே என்று அவர் உள்ளம் குன்றும். "நீங்கள் இதுவரை எவ்வாறு செய்து வந்தீர்கள்? எனக்குக் காட்டுங்கள்" என்று தொடங்குங்கள்.

அந்தக் கணித ஆசிரியரிடம் நான் இவ்வொரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். புள்ளிப் பதிவுக்குரிய அட்டவணையை அவரையே வகுக்கச் செய்திருந்தால், எங்கள் எல்லாருடைய அட்டவணைகளினும் அது பிழையற்றதாய் இருந்திருக்கும்.