கெயின் குமிழைத் திருகினால்... தெரியுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் கித்தார் வாசிக்கும் பிள்ளைகளிடம், "எந்த டியூப் ஆம்ப் நல்லது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தே தாரிக் ஆறிப்போகும்! அந்தச் சண்டைக்குள் எத்தனை ஆச்சரியங்கள், பாருங்கள்.

கெயின் வேறு, சத்தம் வேறு. தெரியுமா? கெயினைக் கூட்டி, டியூப் தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைத் தள்ளினால், அலையின் உச்சி சீவப்பட்டுப் புதுப்புது மேற்சுரங்கள் முளைக்கும். மீட்டியதும் மங்க வேண்டிய கம்பி, நாதஸ்வரம் போல நின்று பேசும்!

மெட்டல் கித்தாருக்கும் தம்பூராவுக்கும் உறவு உண்டு. தெரியுமா? கெயினைக் கூட்டி முழு கார்டு வாசித்தால் காந்தாரம் உள்ளே புகுந்து குழப்பும். அதனால் 'பவர் கார்டு' என்பது வெறும் ச, ப. தம்பூராவில் நாம் கேட்கும் அதே ஜோடி!

100 வாட் ஆம்ப், 50 வாட்டைப் போல இரு மடங்கு உரக்கக் கேட்காது. தெரியுமா? வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகத் தெரிய, ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு 5 வாட்டே தாராளம்!

மார்ஷலின் முதல் ஆம்ப், அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துச் செய்தது. தெரியுமா? செய்வித்த ஜிம் மார்ஷல், லண்டனில் கடை வைத்திருந்த டிரம் ஆசிரியர்! பிறகு இஎல்34 டியூப்புக்கு மாறியதும் மார்ஷல் ஆம்பின் நடுச்சுரங்கள் உறும ஆரம்பித்தன. அமெரிக்கர்களின் 6எல்6 டியூப்போ தெளிவு, அடியில் கனம்.

எல்லா வகை இசையும் வாசிக்க எந்த ஆம்ப்? 1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800க்கு ஒரே குணம்தான். ஆனால் கித்தாரின் வால்யூமைக் குறைத்தாலே சாதுவாகிவிடும். மெசா பூகி மார்க் வரிசையில் கெயினுக்கு முன்னே டோன் குமிழ்கள், பின்னே ஐந்து பட்டை ஈக்வலைசர். ஜாஸும் வரும், இடியும் வரும். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) ஆல்பத்தில் மெட்டாலிகா முழக்கியது இதன் மார்க் IIசி+. அதே குழு 2013இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்குக்கே வந்தது! ஆனால் மார்க் வரிசையின் குமிழ்களைப் பழக நாளாகும்.

1992இல் என்ன நடந்தது, தெரியுமா? கித்தார் கலைஞர் எடி வான் ஹேலனுக்காகப் பீவி 5150 ஆம்ப் வந்தது. சிங்கப்பூரில், சமஸ்கிருத சுலோகங்களோடு மெட்டல் முழங்கப்போகும் ருத்ரா குழு பிறந்தது. இங்கே மலேசியாவிலோ நீண்ட முடிக்கு அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம் கதவடைக்க, சர்ச், விங்ஸ் ராக்கர்கள் முடி வெட்டிக்கொண்டார்கள்! முடிதான் குறைந்தது, கெயின் குறையவில்லை.

கடைசியாக, காசு காக்கும் சேதி! அமெரிக்காவிலிருந்து பழைய ஆம்ப் வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், 240 வோல்ட் வரும் நம் வீட்டுச் சுவரில் நேராகச் செருகாதீர்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும்; இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். அந்த வாசனைக்கு மட்டும் எந்தக் குமிழும் கிடையாது!