இரு பெயர்களின் பாரம்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் ஊழியஞ்செய்த போதகர்கள் இரு பெயருடைய விசுவாசிகளை அறிவர். சபையில் சாமுவேல் எனப்படுபவர் பள்ளிச் சான்றிதழில் செல்வராசு ஆவார். இவரை மாய்மாலக்காரர் எனப் பிரசங்க பீடத்திலிருந்து கடிந்துகொள்வது எளிது. அவர் உள்ளத்தில் நிகழ்வதை நாம் அறிந்திருக்கிறோமா?

சட்டத்தின் நிலையை முதலில் சுருக்கமாகக் காண்போம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்து சமயத்தோடு பிணைத்தது. அது 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு அன்று. சமயம் மாறிய பின்னும் அதே இழிநிலை அதே கொடுமையுடன் நீடிப்பதற்குப் போதிய சான்று இல்லையென 1985-இல் சூசை வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிற்று. (சேரியின் கல்லறைத் தோட்டம் தனியே கிடப்பதைக் கண்ட போதகர் எவரும் சான்று கூறியிருக்கலாம்.) 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இந்து எனச் சான்றிதழ் கோருவது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே ஒரு குழந்தை வளர்கிறது. ஆலயத்திற்குப் போவதைப் பள்ளியில் சொல்லாதே என்று தாய் அதற்குக் கற்பிக்கிறாள். விசுவாசப் பிரமாணத்தை மனனம் செய்யுமுன்னே அச்சத்தை அது மனனம் செய்துவிடுகிறது. பின்னர் அலுவலகத்தில் எவரிடமும் நெருங்கிப் பழக இயலாது. நெருங்கினால் வீட்டிற்கு அழைக்க நேரும், வீட்டுச் சுவரில் சிலுவை உண்டு. சபையிலோ மூப்பர் பொறுப்பை ஏற்கத் தயங்குவார், பெயர் அச்சேறிவிடும். திருவிருந்தில் முழங்காற்படியிடும்போது, குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்த பேதுருவாகத் தம்மையே காண்கிறார். இதைப் போதகரிடமும் சொல்வதில்லை. சொல்வாரெனின் நம் முகம் எவ்வாறு மாறும் என்பதை அவர் அறிவார்.

சிதம்பரத்தில் இதற்கு ஒரு பழஞ்சாயல் உண்டு. பெரிய புராணத்தின்படி நந்தனார் தீயில் மூழ்கி, முப்புரிநூல் விளங்கும் முனிவராக எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுள் புகுந்தார். பிறந்த உருவுடன் அவர் உள்ளே செல்லவில்லை. பிற சமயத்தைக் குறைகூற இதை நாம் எடுக்கவில்லை. சாதி சொல்லாமல் வா என்று நம் ஆலயமும், கிறிஸ்துவைச் சொல்லாமல் வா என்று அரசு அலுவலகமும் கேட்கும்போது, அம்மனிதர் எந்த வாசலில் முழு மனிதராக நுழைவார்?

வேதத்தில் எஸ்தர் தன் குலத்தை மறைத்தாள். நாகமான், ரிம்மோன் கோவிலில் தன் எஜமானோடு குனிய வேண்டியிருப்பதை எலிசாவிடம் வெளிப்படையாகச் சொன்னான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல் சமாதானத்தோடே அனுப்பினார். மறைத்தது நன்றென்று அங்கே சொல்லப்படவில்லை. ஆனால் சொல்லுவதற்கு அவனுக்கு ஒருவர் இருந்தார்.

புதுச்சேரி வழக்கில் ஞானஸ்நானப் பதிவும் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆகவே, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுங்கள், பதிவேட்டில் மட்டும் எழுதாதீர்கள் என்று ஒரு தகப்பன் நம் வாசலில் வந்து நிற்கக்கூடும். எழுதுகோலைக் கையிலெடுக்குமுன் அவரை உட்காரச் சொல்லி, அவர் பேசுவதை இறுதிவரை கேட்போமாக.