உங்களுக்குத் தெரியுமா? மழைக்குக் காத்திருந்த நிலக்கரி

வங்கத்தின் ராணிகஞ்சில் 1774-லேயே நிலக்கரி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகத் தாமோதர் ஆறுதான் வழி. கோடையில் அது வெறும் மணல்வெளி. மழை பெய்து வெள்ளம் புரண்டால்தான் கரிப்படகுகள் நகரும். அதுவரை வெட்டிய கரி காத்துக் கிடக்கும்.

1855-ல் ரயில் வந்து அந்தக் காத்திருப்பைத் தீர்த்தது. ஆற்றின் சீற்றம் மட்டும் தீரவில்லை. 1943 பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது; திலையா, கோனார், மைத்தான், பஞ்சேத் அணைகள் எழுந்தன. கரியும் தண்ணீரும் அருகருகே கிடைத்ததால் பொகாரோவிலும் துர்காபூரிலும் அனல்மின் நிலையங்களும் உருக்காலைகளும் வந்தன.

அதே பள்ளத்தாக்கின் ஜாரியா நிலக்கரி வயலிலோ, 1916 முதல் நிலத்துக்கடியில் கரி எரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டின் மேல்தான் இன்னும் பல குடும்பங்கள் உலை வைக்கின்றன.