ரத்தக் கறையைக் கழுவுவது யார்?

திண்டுக்கல் நகரில் பேகம்பூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஒரு மரணத்தால் வந்தது!

மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு ஒரு தங்கை இருந்தார். அவர் பெயர் அமீருன்னிசா பேகம். 18-ம் நூற்றாண்டில் அவர் திண்டுக்கல்லில் காலமானார். அவரை அடக்கம் செய்த இடத்தில் இன்றும் பள்ளிவாசல் இருக்கிறது. பேகத்தின் பெயரால் அந்தப் பகுதி பேகம்பூர் ஆயிற்று.

இறந்தவருக்குச் செய்யும் மரியாதையில் நம் மக்கள் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

முஸ்லிம் வீடுகளில் மையித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி போர்த்தி, தொழுகை நடத்தி அடக்கம் செய்கிறார்கள். இந்து வீடுகளில் நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்துகிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் பெட்டியில் வைத்து ஜெபம் செய்கிறார்கள். உடலுக்கு எல்லா மதத்திலும் முறை இருக்கிறது.

ஆனால் உடல் கிடந்த இடத்துக்கு?

வெறுங்கையும் வாளியும்

ஒரு வீட்டில் வெட்டுக்குத்து நடந்துவிடுகிறது. இன்னொரு வீட்டில் தனியாக இருந்த முதியவர் இறந்துபோகிறார். மூன்று நாள் கழித்துத்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிகிறது. கதவை உடைத்துத் திறக்கிறார்கள்.

போலீசார் வருகிறார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது. உடல் பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுகிறது. கூட்டம் கலைகிறது.

தரையில் ரத்தம் அப்படியே கிடக்கிறது! அதைக் கழுவுவது யார்?

நம் ஊர்களில் பெரும்பாலும் இரண்டே வழிதான். அழுது கொண்டிருக்கும் குடும்பத்தாரே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தெருவில் துப்புரவு வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்துக் கழுவச் சொல்ல வேண்டும். அவரும் வெறுங்கையோடு, ஒரு விளக்குமாறும் ஒரு வாளித் தண்ணீருமாக உள்ளே போகிறார்.

அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

காய்ந்த கறையிலும் கிருமி

திண்டுக்கல்லுக்குப் பூட்டு மட்டும் பெருமை அல்ல. தோல் பதனிடும் தொழிலுக்கும் அது பெயர் பெற்ற ஊர். தோல் தொழில் செய்கிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். செத்த மாட்டின் தோலை அப்படியே விட்டால் கெட்டுவிடும். அதற்கு உப்பு வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், முறையான பதம் வேண்டும்.

உலகெங்கும் தோல், கம்பளித் தொழிலாளர்களை ஒரு காலத்தில் நடுங்க வைத்தது ஆந்த்ராக்ஸ் என்ற நோய். ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் கோக், 1876-ல் அதன் கிருமியை ஆராய்ந்து ஒரு விந்தையை வெளியிட்டார். அந்தக் கிருமி விதை போல உறங்கிக் கிடக்கும். பல ஆண்டு கழித்தும் விழித்துக்கொள்ளும்!

மனித ரத்தத்திலும் இப்படிப் பிடிவாதமான கிருமிகள் உண்டு. ஈரலைக் கெடுக்கும் மஞ்சள் காமாலை வகைகளில் ஒன்று 'ஹெபடைடிஸ் பி'. இந்தக் கிருமி, உடலை விட்டு வெளியேறிக் காய்ந்துபோன ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கழுவுகிறவரின் கையில் சிறு கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும்.

எய்ட்ஸ் கிருமி அவ்வளவு வலிமையானது அல்ல. வெளிக்காற்று பட்டால் அது சீக்கிரம் செயலிழந்துவிடும். ஆனாலும் உடைந்த கண்ணாடியோ ஊசியோ குத்தி, ஈர ரத்தம் உள்ளே போனால் ஆபத்துத்தான்.

இறந்தவருக்கு நோய் இருந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால் மருத்துவ உலகம் ஒரு விதி வைத்திருக்கிறது. யாருடைய ரத்தமானாலும் நோய் உள்ள ரத்தம் என்று கருதித்தான் கையாள வேண்டும்.

அங்கே அது ஒரு தொழில்!

அமெரிக்காவில் சாவு நடந்த இடத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அந்த நாட்டு அரசாங்கம் 1991-ல் ஒரு சட்ட விதி கொண்டுவந்தது. ரத்தத்தோடு புழங்கும் வேலைக்கு ஆளை அமர்த்தும் முதலாளி, கையுறையும் பாதுகாப்பு உடையும் தர வேண்டும். பயிற்சி தர வேண்டும். வேலை கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இலவசமாகப் போட முன்வர வேண்டும்.

ஜப்பானில் முதியவர்கள் பலர் தனியே வாழ்ந்து, தனியே இறக்கிறார்கள். அந்த வீடுகளைச் சுத்தம் செய்ய அங்கேயும் தனித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இறந்தவரின் புகைப்படங்களையும் கடிதங்களையும் தனியே எடுத்து உறவினரிடம் ஒப்படைப்பதும் அவர்கள் வேலையில் சேர்ந்தது.

முதலில் போலீஸ், பிறகு வாளி

நம் வீட்டில் இப்படி ஒன்று நேர்ந்துவிட்டால் என்ன செய்வது?

முதல் காரியம், எதையும் கழுவாமல் இருப்பது! சந்தேகமான சாவு என்றால் போலீசார் விசாரணை முடியும்வரை ஒரு சொட்டு ரத்தத்தையும் துடைக்கக் கூடாது. குற்றவாளியைக் காப்பாற்றும் எண்ணத்தோடு தடயத்தை அழிப்பது தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால், தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

"இனி சுத்தம் செய்யலாம்" என்று போலீசார் சொன்ன பிறகே வாளியைத் தொட வேண்டும்.

எப்படிக் கழுவ வேண்டும்?

குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்புறப்படுத்துங்கள். சன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

கைக்குத் தடித்த ரப்பர் உறை, காலுக்கு மூடிய செருப்பு, வாய்க்கும் மூக்குக்கும் முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி ஆகிய நான்கும் வேண்டும். கையில் புண் உள்ளவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

கண்ணாடித் துண்டு, பிளேடு இருந்தால் கையால் எடுக்காதீர்கள். முறத்தில் தள்ளி, கெட்டியான டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ரத்தத்தின் மேல் பழைய துணியையோ செய்தித்தாளையோ பரப்புங்கள். அதன் மேல் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 30 கிராம் பவுடர். அன்றன்று கரைத்ததாக இருக்க வேண்டும். நேற்றுக் கரைத்த தண்ணீருக்கு வீரியம் குறைந்துவிடும்.

பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். இந்த அரை மணி நேரம்தான் முக்கியம்! ஊற்றிய உடனே துடைத்தால் கிருமி சாகாது.

அதன் பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து எடுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். மீண்டும் ஒருமுறை பிளீச்சிங் தண்ணீர் விடுங்கள்.

மண் தரையானால் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ரத்தம் ஊறிய மெத்தையையும் தலையணையையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் பஞ்சு சுத்தமாகாது.

துடைத்த துணி, மெத்தை எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் சும்மா போட்டுவிடக் கூடாது. மருத்துவமனைகளில் இத்தகைய கழிவை மஞ்சள் பையில் கட்டி, தனி உலையில் எரிக்க அனுப்புகிறார்கள். வீட்டில் நேர்ந்தால், இரட்டைப் பையில் கட்டி வைத்து, மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் சொல்லி ஒப்படைப்பதுதான் சரி.

இதைச் செய்யாதீர்கள்!

கறை போகவில்லை என்று சிலர் பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடுகிறார்கள். கூடவே கூடாது! இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். 1915-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டு ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மானியர் எதிரிப் படை மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். மூடிய அறையில் அதைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து.

சாணம் தெளிப்பது நம் மரபு. சாம்பிராணி போடுவது மனத்துக்கு ஆறுதல். ஆனால் ரத்தக் கிருமியைக் கொல்லும் வேலையைச் சாணமும் செய்யாது, சாம்பிராணியும் செய்யாது.

அஞ்ச வேண்டியது எதற்கு?

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருக்கும் நாம், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம்!

2020 ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் கொரோனாவால் இறந்தார். உடலைப் புதைத்தால் நோய் பரவும் என்று பயந்து ஒரு கும்பல் கல்லால் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. கடைசியில் நள்ளிரவில் உடன் பணியாற்றிய ஒரு மருத்துவரும் இரண்டொரு ஊழியர்களுமே குழியில் மண் தள்ளி அவரை அடக்கம் செய்தார்கள்.

முறையாகப் புதைத்த உடலிலிருந்து கொரோனா ஊருக்குள் பரவாது. இதை மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். அந்த மாதமே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்று நோயால் இறந்தவரின் இறுதிச் சடங்கைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை!

எபோலா, காலரா போன்ற சில நோய்களில் இறந்தவரின் உடலைத் தொடுவது ஆபத்துத்தான். மற்றபடி, பிண நாற்றத்தால் கொள்ளைநோய் பரவும் என்பது பழைய நம்பிக்கை. ஊருக்கு ஆபத்து இல்லை. ஆபத்தெல்லாம் வெறுங்கையோடு தொடுகிறவருக்குத்தான்!

அலை ஓய்ந்த பிறகு

2004 டிசம்பர் 26. சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இடிபாடுகளில் சிக்கிய உடல்களை எடுத்தவர்கள் யார்? தமிழகத்தின் வேறு வேறு நகராட்சிகளிலிருந்து லாரியில் அழைத்துவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள்!

பலருக்கு முதல் நாட்களில் கையுறை இல்லை, முகமூடி இல்லை. அழுகிய உடல்களை வெறுங்கையால் தூக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர், தலைமுறை தலைமுறையாக இந்த வேலையிலேயே நிறுத்தப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள்.

மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய இடத்தில் அவர்கள் குனிந்து வேலை செய்தார்கள்.

கூலி மட்டும் போதாது

இந்த வேலைக்கு ஒருவரைக் கூப்பிடும்போது நாம் கொடுக்க வேண்டியது பணம் மட்டும் அல்ல. கையுறையும் முகமூடியும் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். கடையில் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம் அது. வேலை முடிந்ததும் குளிக்கச் சோப்பும் தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

கையில் ஏதாவது குத்திவிட்டால், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி இன்று, இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாம் மாதம். மூன்றே ஊசிகள்! துப்புரவு வேலை செய்யும் ஒவ்வொருவரும் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி இது. போட வேண்டிய பொறுப்பு அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுடையது.

செத்தவருக்குக் கோடித் துணி வாங்க நாம் கணக்குப் பார்ப்பதில்லை. உயிரோடு இருப்பவருக்கு ஒரு ஜோடிக் கையுறை வாங்கவும் கணக்குப் பார்க்க வேண்டாம்!