மூளையின் காவற்கலங்கள்: காப்பதும் கெடுப்பதும்

குருதியில் உலவும் வெண்குழியங்கள் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடுவதை நாம் அறிவோம். ஆனால், குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு, அவற்றுள் பெரும்பாலானவற்றை மூளைக்குள் அனுமதிப்பதில்லை. எனவே, மூளை தனக்கெனத் தனியானதொரு காவற்படையைக் கொண்டிருக்கின்றது. மைக்ரோகிளியா என்ற இக்கலங்களை 1919 ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஒர்தேகா இனங்கண்டு பெயரிட்டார்.

இக்கலங்கள் ஓய்ந்திருப்பதில்லை. உயிருள்ள சுண்டெலிகளின் மூளையை நுணுக்குக்காட்டியினூடாக அவதானித்த விஞ்ஞானிகள், இவை தம் கிளைகளை ஓயாது நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தைக் கண்காணிப்பதை 2005 இல் வெளிப்படுத்தினர். நுண்ணிய குருதிக்கலன் ஒன்று காயமுற்றால், சில நிமிடங்களிலேயே அக்கிளைகள் அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. இறந்த கலங்களை அகற்றுவதும் இவற்றின் பணியே.

ஆயினும், ஆபத்து நீங்கிய பின்னரும் காவற்படை கலையாவிடில் விளைவு விபரீதமாகின்றது. தலையில் பலத்த காயமடைந்தோரை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பரிசோதித்து 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்த்துகின்றது. காயமேற்பட்டு 17 ஆண்டுகள் வரை கடந்தவர்களும் அதில் அடங்கியிருந்தனர். இக்கலங்கள் கிளர்ச்சியுற்றிருப்பதற்கான அறிகுறிகள், காயத்தின் பல ஆண்டுகளின் பின்னரும் அவர்களது மூளையில் தென்பட்டன. வெளிக்காயம் ஆறிவிட்டாலும் உள்ளே அழற்சி நீடிக்கக்கூடும்.

அல்சைமர் மறதிநோயிலும் இதே இரட்டைத்தன்மை காணப்படுகின்றது. மூளையில் படியும் அமைலோயிட் புரதத்தை இக்கலங்கள் சூழ்ந்து விழுங்க முனைகின்றன. ஆனால், நீடித்த அழற்சியின்போது அவை சுரக்கும் பதார்த்தங்கள் நரம்புக்கலங்களையே பாதிக்கின்றன. வேலியே பயிரை மேய்கின்றது. அவ்வாறாயின் இவற்றை அடக்கிவிட்டால் போதுமா? போதாது. இக்கலங்களின் செயற்பாட்டுக்கு உதவும் ட்ரெம் 2 என்ற மரபணுவில் ஏற்படும் ஒருவகை மாற்றம், அல்சைமர் நோய் ஏற்படும் ஆபத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குவதாக 2013 இல் அறியப்பட்டது. காவல் மிகுந்தாலும் தீங்கு, குன்றினாலும் தீங்கு. அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் அல்சைமர் நோயாளரிடத்தில் எதிர்பார்த்த பலனைத் தராமையும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

இச்சமநிலையைப் பேணும் மருந்தை விஞ்ஞானிகள் தேடுகின்றனர். ஆனால், தலைக்காயத்தைத் தவிர்ப்பதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2020 ஆம் ஆண்டின் லான்செட் ஆணைக்குழு அறிக்கை, மறதிநோய்க்கு வழிவகுப்பனவும் தவிர்க்கக்கூடியனவுமான காரணிகளுள் தலைக்காயத்தையும் சேர்த்தது. மோட்டார் சைக்கிளில் செல்வோர் அணியும் தலைக்கவசம் அன்றைய உயிரை மட்டுமல்ல, முதுமைக்கால நினைவையும் காக்கின்றது.