எந்த நாய் நல்ல நாய்?

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



கேன்டீனில் நாலு பேர் சேர்ந்தால் கிரிக்கெட், சினிமா, அரியர் என்று இந்த மூன்றைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் எங்கள் பருத்திப்பட்டில் மாலை நேரம் ஏரிக்கரைப் பக்கத்துத் தெருக்களுக்கு வந்து பாருங்கள். நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் நின்றால் பேச்சே வேறு! "லேப்ரடார் மாதிரி வருமா சார்?" என்பார் ஒருவர். "போங்க சார், ஜெர்மன் ஷெப்பர்டுதான் நாய், மத்ததெல்லாம் பொம்மை" என்பார் இன்னொருவர். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர் மட்டும், "தம்பி, எங்க ஊர் ராஜபாளையம் முன்னாடி இதெல்லாம் நிக்குமா?" என்று சிரிப்பார்.

இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு கேள்வி பிறந்தது. உண்மையில் எந்த நாய்தான் நல்ல நாய்? என் வகுப்பிலேயே மூன்று பேர், வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் ஒரு 'ஜாதி நாய்' வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவும் உங்களுக்காகவும் நான் படித்ததையும், கேட்டறிந்ததையும், எங்கள் வீட்டு மணியிடம் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

இனம் என்றால் என்ன?

மெஷின் வாங்கும்போது முதலில் என்ன கேட்போம்? "இது எந்த வேலைக்கு?" என்றுதானே! லேத்தை வாங்கி அதில் வெல்டிங் அடிக்க முடியுமா? நாய் இனமும் அப்படித்தான். ஒவ்வோர் இனமும் ஏதோ ஒரு வேலைக்காக மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தது.

ஜெர்மன் ஷெப்பர்டு, பெயரிலேயே இருக்கிறது, ஆட்டு மந்தை மேய்க்க வந்த நாய். ஜெர்மனியில் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1899-ல் அதைத் தனி இனமாக நிலைநிறுத்தினார். நாள் முழுக்க ஓடி, சுற்றி, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அதன் ரத்தத்தில் இருப்பது. டாபர்மேன் நாயை உருவாக்கியவர் வரி வசூல் செய்பவர்! ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் பணப்பையோடு தெருத் தெருவாகப் போனவர், தனக்குக் காவலாக ஒரு நாய் வேண்டும் என்று உருவாக்கினார். அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு குளிர்ந்த தண்ணீரில் வேலை செய்தவை. அதனால்தான் தண்ணீரைக் கண்டால் துள்ளுகிறது. அது எப்போது பார்த்தாலும் சாப்பாடு கேட்பதற்கும் காரணம் உண்டு. ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு, பசி அடங்கியதை உணர்த்தும் ஒரு ஜீனில் குறை இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாவம், பார்க்கிறவர்கள் எல்லாம் பிஸ்கட் போட்டால் அது குண்டாகாமல் என்ன செய்யும்?

சைபீரியன் ஹஸ்கி பனியில் வண்டி இழுத்த நாய். இரண்டு அடுக்கு ரோமம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஆவடி வெயில் மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏ.சி. இல்லாத வீட்டில் அதை வளர்ப்பது, கூலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஃபுல் லோடில் ஓட்டுவது மாதிரி!

2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஒரு பக் நாய் நடந்து போனது. அவ்வளவுதான், ஊரெல்லாம் பக்! ஆனால் அந்தச் சப்பை மூக்கில் காற்று சரியாகப் போகாது, வெயில் ஏறினால் மூச்சுத் திணறும் என்பதை விளம்பரமா சொல்லும்?

நம் மண்ணின் நாய்கள்

இனி அந்தப் பெரியவர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் பெருமை மட்டும் இல்லை, விஷயமும் இருக்கிறது.

ராஜபாளையம்: பால் வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, உயர்ந்த உடம்பு. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர் போனது. வீட்டில் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் அவரை விடாது. புது ஆளை எளிதில் சேர்க்காது.

சிப்பிப்பாறை: விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய். ஒல்லி உடம்பு, நீண்ட கால். மோப்பத்தைவிடக் கண்ணால் பார்த்து விரட்டும் வகை.

கன்னி: சிப்பிப்பாறைக்குச் சொந்தக்காரன். கறுப்பு உடம்பில் செம்மண் நிறத் திட்டுகள். வீட்டில் சாது.

கோம்பை: தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பை ஊர்க்காரன். செம்பழுப்பு நிறம், கறுத்த வாய். அசல் காவல்காரன்.

2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று நம் ராஜபாளையம். ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் 2020-ல் முதன்முதலாக நாய் இனங்களைப் பதிவு செய்தபோது, அந்த மூன்றில் இரண்டு தமிழ்நாட்டுடையவை: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது கர்நாடகத்தின் முதோல்.

அப்படியிருந்தும் இவை ஏன் அரிதாகிப் போயின? வேலை போய்விட்டது, அதுதான் காரணம்! 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமானது. முயல் தப்பித்தது நல்லதுதான். ஆனால் முயல் விரட்டிய நாய்க்கு மரியாதை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததும் உறவுக்குள்ளேயே சேர்த்துக் குட்டி எடுத்தார்கள். சுத்த வெள்ளை வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ள, ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பினால்தான் பேச்சுவார்த்தை!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர் நாய் என்பதற்காக இவையும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஓட இடமில்லாத ஒண்டுக் குடித்தனத்தில் சிப்பிப்பாறையைக் கட்டிப்போடுவதும் ஹஸ்கியைக் கட்டிப்போடுவதும் ஒரே பாவம்தான்.

எங்கள் தெருவில் நடந்தது

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்டு இருந்தது. குட்டியாக வந்தபோது தெருவே கூடிக் கொஞ்சியது. வளர்ந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் ஆறடிச் சங்கிலி. காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வீட்டுக்காரர்கள் வருவார்கள். போகிற வருகிறவர்களைப் பார்த்து நாள் பூராவும் குரைக்கும். "நல்லா காவல் காக்குது" என்று அவர்களுக்குப் பெருமை. ஒருநாள் சங்கிலி கழன்றது. டியூஷன் முடிந்து வந்த ஒரு பையனின் தொடையைக் கடித்துவிட்டது. பையனுக்கு அரசு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், பிழைத்தான். ஒரு வாரத்தில் நாயைக் காணோம். ராத்திரியில் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம்.

நண்பர்களே, யோசித்துப் பாருங்கள்! மந்தை மேய்க்கப் பிறந்ததை ஆறடிச் சங்கிலியில் இரண்டு வருஷம் கட்டியது யார்? தண்டனை அடைந்தது யார்? அந்தப் பையன் இன்றும் எந்த நாயைக் கண்டாலும் தெரு மாறித்தான் போகிறான்.

பழக்குவது எப்படி?

"நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்பது பழமொழி. வாலை நிமிர்த்த வேண்டாம், நாயைப் பழக்கலாம். அதற்குப் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தத்தைத் தொடர்ந்து கேட்கச் செய்தால், பிறகு சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும் என்று கண்டார். பின்னால் வந்த அமெரிக்கர் ஸ்கின்னர், ஒரு செயலுக்கு உடனே பலன் கிடைத்தால் பிராணி அதைத் திரும்பச் செய்யும் என்று காட்டினார்.

'உடனே' என்பதுதான் இதில் உயிர். நாம் படிக்கும் கன்ட்ரோல் சிஸ்டத்தில் ஃபீட்பேக் தாமதமானால் என்ன ஆகும்? சிஸ்டம் தடுமாறும். நாயும் அப்படித்தான். உட்கார்ந்த ஒன்றிரண்டு வினாடிக்குள் தின்பண்டமோ தட்டிக்கொடுத்தலோ கிடைத்தால் "உட்கார்ந்ததற்குக் கிடைத்தது" என்று புரிந்துகொள்ளும். அரை நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குத் தெரியாது. காலையில் செருப்பைக் கடித்த நாயைச் சாயங்காலம் வந்து அடிப்பதும் அப்படித்தான். "இந்த ஆள் வீட்டுக்கு வந்தால் அடி விழும்" என்பது மட்டும்தான் அது கற்கும் பாடம்!

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். பாவ்லோவைப் பற்றி வீட்டில் விளக்கினேன். எங்க ஆயா அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதுக்கு ஒரு ரஷ்யாக்காரன் வேணுமாடா? சோறு வைக்கறப்ப பேரச் சொல்லிக் கூப்புடு, அப்புறம் எப்பக் கூப்பிட்டாலும் வரும்" என்றது. உண்மைதான்! எங்கள் மணி தெருவிலிருந்து வந்த நாட்டு நாய். ஆயா குரல் கேட்டால் எந்தச் சந்தில் இருந்தாலும் ஓடி வரும்.

நான் மணிக்கு 'சிட்', 'ஸ்டே' சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோது அப்பா கேட்டார், "ஏன்டா, நாய்க்குக்கூடவா இங்கிலீஷ் மீடியம்?" அவர் கேட்டதும் சரி. நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான். 'உட்காரு', 'இரு', 'வா', 'விடு' என்ற நாலு சொல் போதும். ஆனால் வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா 'உட்காரு', தங்கை 'குந்து', நாம் 'சிட்' என்றால் நாய் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

மனதில் வைக்க வேண்டியவை

1. எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி அப்படி விற்பதும் தவறு. தாயோடும் கூடப்பிறந்ததோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்று குட்டி கற்கிறது.

2. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பார்த்துப் பழகியதற்கு நாய் பிறகு அவ்வளவாக மிரளாது. குழந்தைகள், பைக் சத்தம், குடை, மழைக்கோட்டு எல்லாம் மெதுவாக அறிமுகமாகட்டும். தடுப்பூசி முடியும்வரை கையில் தூக்கிக்கொண்டே காட்டுங்கள்.

3. ஒன்றரை, இரண்டு மாதத்திலேயே பார்வோ முதலிய நோய்களுக்கு ஊசி ஆரம்பிக்க வேண்டும். மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் தவணை. தெரு நாயைத் தத்தெடுத்தாலும் இதில் சலுகை இல்லை.

4. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே கொண்டு போங்கள். வெளியே போனால் உடனே பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

5. பழக்குவது ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். நமக்கே ஒரு பீரியடுக்கு மேல் தாங்குவதில்லை!

6. உறுமுகிற நாயை உறுமியதற்காக அடிக்காதீர்கள். உறுமல் அதன் ஹாரன். ஹாரனைப் பிடுங்கிவிட்டால் அடுத்த தடவை சத்தமில்லாமல் கடிக்கும்.

7. வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், சாக்லேட், திராட்சை, இந்த நான்கும் கூடாது. வேகவைத்த எலும்பு ஊசி போல் உடைந்து குடலைக் கிழிக்கும்.

கடித்துவிட்டால்...

மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பழைய மருந்து 2005-ஐ ஒட்டி நம் நாட்டில் நின்றே போனது. இப்போது கையில் தோலில் போடும் ஊசி, முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு நாள் போக வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள். "வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற மருந்தே கிடையாது.

முடிவாக...

நாய் வாங்குமுன் விலையைக் கேட்பதற்கு முன்னால் நம்மையே மூன்று கேள்வி கேட்போம். தினமும் ஒரு மணி நேரம் என்னால் தர முடியுமா? எங்கள் வீட்டு இடமும் வெயிலும் இதற்கு ஒத்துவருமா? பத்துப் பன்னிரண்டு வருஷம் இதற்குச் சோறு போடுவேனா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் எந்த இனமும் நல்ல நாய்தான். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் கொஞ்சம் பொறுப்போம். ஆசைதான் அடங்கவில்லை என்றால், தெருமுனையில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கு ஊசி போட்டு, ஒரு வேளைச் சோறு வைத்துப் பழகிப் பார்ப்போம். நம் வெயிலுக்கும் நம் சாப்பாட்டுக்கும் பழகிப்போன உடம்பு அதனுடையது.

மனிதருக்குள் ஜாதி பார்க்கக் கூடாது என்று படிக்கிறோம். நாய் வாங்கும்போது மட்டும் 'ஜாதி நாயா?' என்று முதலில் கேட்கிறோம். இனி, 'இதை என்னால் வளர்க்க முடியுமா?' என்று முதலில் கேட்போம். அப்படிக் கேட்டால் நம் தெருக்களில் அநாதை நாய்களும் குறையும், நாயைக் கண்டு தெரு மாறிப் போகும் பிள்ளைகளும் குறைவார்கள்.

சிந்திப்போம், நண்பர்களே! வாங்கினால் கடைசிவரை வளர்ப்போம்!