கத்திரி வெயிலில் திணறும் டர்போ கார்கள்... 'ட்யூனிங்' வண்டிக்காரர்கள் உஷார்!

கோவை:

செட்டிபாளையம் பந்தய களத்தில் கார்கள் சீறுவதை பார்த்து பழகிய ஊர் கோவை. கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்று டர்போ கார்களை 'ட்யூனிங்' செய்து ஓட்டுபவர்களும் இங்கு உண்டு.

மார்கழி விடியற்காலையில் பிய்த்துக்கொண்டு பறக்கும் அதே கார், கத்திரி வெயில் மதியத்தில் மேம்பாலம் ஏறவே திணறும். வண்டியில் ஏதோ கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறார்கள். ஆனால் பல நேரம் காரணம் வண்டியில் இல்லை. காற்றில் இருக்கிறது.

டர்போ செய்யும் வேலை

என்ஜினில் இருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். அந்த கூடுதல் அழுத்தம்தான் 'பூஸ்ட்'. காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரியும். பிக்கப் கிடைக்கும்.

ஆனால் சூடு ஏறினால் காற்று லேசாகிவிடும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.20 கிலோ. 40 டிகிரியில் அது 1.13 கிலோதான். நூற்றுக்கு 6 பங்கு காற்று அங்கேயே போச்சு.

அதோடு விட்டதா? சைக்கிளுக்கு காற்று அடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். டர்போவிலும் அதே கதைதான். 1 பார் பூஸ்ட் வைத்தால், 40 டிகிரி காற்று டர்போவை விட்டு வெளியே வரும்போது 130 டிகிரியைக் கூட தாண்டலாம். அதை ஆற்றத்தான் முன்பக்கம் 'இன்டர்கூலர்' இருக்கிறது. அதை ஆற்றுவதும் வெளிக்காற்றுதான். வெளியே அனல் அடித்தால் அது எப்படி ஆற்றும்?

மீட்டர் பொய் சொல்லுமா?

மார்கழியிலும் 1 பார், சித்திரையிலும் 1 பார் என்றே பூஸ்ட் மீட்டர் காட்டலாம். அது பொய் அல்ல. மீட்டர் காட்டுவது அழுத்தம். உள்ளே போன காற்றின் எடை அல்ல.

கம்பெனி காரில் உள்ள கம்ப்யூட்டர், சென்சார் மூலம் சூட்டை பார்த்து பூஸ்ட்டையும் எரிபொருளையும் தானாக குறைத்துக்கொள்ளும். வண்டி திணறுவது அதனால்தான். என்ஜினை காப்பாற்ற செய்த ஏற்பாடு அது.

'ரீமேப்' செய்யும்போது இந்த வரம்பை உயர்த்திவிடுகிறார்கள். மலிவு விலை 'ட்யூனிங் பாக்ஸ்' இன்னும் மோசம். உண்மையான அழுத்தத்தை குறைத்துக்காட்டி கம்ப்யூட்டரையே ஏமாற்றும். பெட்ரோல் காரில் 'நாக்கிங்' வந்து பிஸ்டன் உடையும். டீசல் காரில் காற்று குறைந்து, டீசல் கூடி கரும்புகை தள்ளும். சூடு ஏறி டர்போ, பிஸ்டன் எல்லாம் காலி.

குளிரிலும் ஆபத்து உண்டு. வெயில் காலத்தில் பூஸ்ட்டை கூட்டி வைத்த வண்டியில், குளிர் காலத்தில் பூஸ்ட் அளவை மீறி எகிறலாம்.

பழி யார் மேல்?

முதலாளி ட்யூனிங் செய்தது தெரியாமலே ஓட்டும் டிரைவர்கள் பாவம். என்ஜின் போனால், 'நீ ஓட்டின லட்சணம்தான்' என்று பழி அவர்கள் தலையில்தான் விழும். புது வண்டியை கையில் வாங்கும்போதே, 'ட்யூனிங் வண்டியா?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது.

என்ன செய்யலாம்?

* இன்டர்கூலரில் படியும் மண், பூச்சியை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். முன்பக்க காற்று வழியை மறைக்காதீர்கள்.

* உச்சி வெயிலில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து ஓட்ட வேண்டாம்.

* 'டக் டக்' சத்தம், கரும்புகை, எச்சரிக்கை விளக்கு எது வந்தாலும் உடனே காலை எடுங்கள்.

* வேகமாக ஓட்டி வந்தால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆப் செய்யுங்கள்.

வெயிலில் வண்டி கொஞ்சம் மெதுவாக போனால் பத்து நிமிடம்தான் நஷ்டம். என்ஜின் போனால் கார் கடன் முடிவதற்குள் இன்னொரு கடன் வாங்க வேண்டி வரும்.